எடைக்கு எடை யார் பெரியவர்? டீக்கடைக் குத்துச்சண்டை வாதங்களுக்குச் சில பதில்கள்

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டால், ஜூன் 14 வரை பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் டீக்கடைகளில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. கிரிக்கெட் அலுத்ததும் குத்துச்சண்டை வரும். துபாயிலிருந்து லீவில் வரும் கீழக்கரைப் பையன்கள் போன் நிறையப் பழைய சண்டைகளோடு வருகிறார்கள். சாயங்காலம் கடற்கரையில் சின்னப் பசங்களுக்கு நான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்து நிற்கும். ஒவ்வொரு எடையிலும் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று நான் ஒரு பட்டியல் சொல்வதுண்டு; சண்டை பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

குத்துச்சண்டையில மொத்தம் எத்தனை வெயிட்? நம்ம கபடி மாதிரி 55, 60, 65-ன்னு சொல்லிட்டுப் போகலாமே?

கணக்கு அதே கணக்குதான். 60 கிலோ கபடியில் தராசு கூடக் காட்டினால் ஆளை வெளியே நிறுத்துவார்கள் அல்லவா, அதே மாதிரிதான் இங்கேயும். ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டை பவுண்டில் ஓடுகிறது. பழைய எடைகள் எட்டு: ஃப்ளை 112 பவுண்டு (50.8 கிலோ), பேண்டம் 118 (53.5), ஃபெதர் 126 (57.2), லைட் 135 (61.2), வெல்டர் 147 (66.7), மிடில் 160 (72.6), லைட் ஹெவி 175 (79.4). அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஹெவி.

பிறகு இடையிடையே சூப்பர், ஜூனியர் என்று செருகிச் செருகி இன்று 17 ஆகிவிட்டது. சில அமைப்புகள் 18-வது ஒன்றையும் வைத்திருக்கின்றன. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு அமைப்புகள் தனித்தனியே பெல்ட் கொடுப்பதால், 17 எடைக்கு ஒரே சமயத்தில் 68 உலக சாம்பியன்கள் வரை இருக்கலாம். பழைய காலத்தில் எட்டு எடைக்கு ஏறக்குறைய எட்டே பேர். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படும்.

நான் 63 கிலோ. நான் எந்த வெயிட் அண்ணே?

இன்றைய கணக்கில் சூப்பர் லைட்வெயிட். அதன் எல்லை 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ. பழைய எட்டு எடைக் கணக்கில் நீ வெல்டர்வெயிட். எதிரில் 66 கிலோ ஆள் நிற்பான். இரண்டு கிலோ வற்றினால் லைட்வெயிட்டுக்கும் இறங்கலாம். எப்படியும் பரோட்டாவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பெரியவன் சின்னவனை அடிச்சிருவான். அப்ப ஹெவிவெயிட் சாம்பியன்தானே எல்லாருக்கும் மேல? எதுக்கு வெயிட் வெயிட்டாப் பிரிச்சுப் பேசணும்?

எங்கள் பசங்க குத்திப் பழகுவது கடையில் வாங்கிய மூட்டையை இல்லை. கிழிந்த நைலான் வலையையும் மணலையும் சாக்கில் திணித்து, வலை பின்னும் ஊசியாலேயே தைத்து, வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறோம். 50 கிலோப் பையன் ஒருவன் குத்தினால் சாக்கு லேசாக அசைந்து நிற்கும். 75 கிலோ அண்ணன் குத்தினால் கிளை முனகும். ஆனால் கால் வைப்பு, தோள் திருப்பம், குத்திய கை தாடைக்குத் திரும்பும் வேகம் எல்லாவற்றிலும் அந்தச் சின்னப் பையன்தான் சுத்தம். இந்த இருவரையும் ஒரே பட்டியலில் வைத்தால் எடை தெரியும், திறமை தெரியாது.

அதனால்தான் "எல்லாரும் ஒரே எடையாக இருந்தால் யார் பெரியவர்" என்று பவுண்டுக்குப் பவுண்டு ஒரு கணக்குப் போடுகிறார்கள். அது சுவாரஸ்யமான கற்பனை. எனக்கு அந்தந்த எடைக்குள் நடக்கும் வாதம்தான் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஆதாரம் காட்டிப் பேசலாம்.

சரி, "மிகச் சிறந்தவர்"னு நீங்க எதை வச்சு முடிவு பண்றீங்க?

முதல் கேள்வி, அந்த எடையில் இருக்கும்போது யாரை ஜெயித்தார் என்பது. ஜெயிக்கப்பட்டவர் அப்போது நல்ல நிலையில் இருந்தாரா, அல்லது வயதாகிப் பாதி ஆளாக வந்தாரா என்பதையும் பார்ப்பேன். எத்தனை வருஷம் அந்த எடையில் தாக்குப்பிடித்தார் என்பது அடுத்தது. தோல்வி எண்ணிக்கையைக் கடைசியில்தான் பார்ப்பேன். வேறு எடையில் வாங்கிய தோல்வியை இந்த எடையின் கணக்கில் எழுத மாட்டேன்.

வாதம் தொடங்கும் முன் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெல்ட்டை எண்ணுகிறார், இன்னொருவர் நாக்அவுட்டை எண்ணுகிறார், மூன்றாமவர் யூடியூபில் பார்த்த வேகத்தைச் சொல்கிறார். மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை கடையைச் சாத்த விடுவதில்லை.

ஹெவிவெயிட்ல அலியா, டைசனா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

அலி.

ஒரு வார்த்தை போதவில்லை என்றால், ஜெயித்த ஆட்களைப் பாருங்கள். 1964-ல் லிஸ்டன், மூன்று சண்டையில் இரண்டில் ஃபிரேசியர், மூன்றில் இரண்டில் நார்டன், 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மன். இதெல்லாம் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 முதல் 1970 வரை ரிங்குக்கே வரமுடியாமல் போன மனிதரின் கணக்கு. கால்கள் மிக வேகமாக இருந்திருக்க வேண்டிய 25 முதல் 28 வயது வரை அவர் சண்டையே போடவில்லை.

டைசன் 1986-ல் 20 வயதில் சாம்பியன் ஆனார். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். அந்த இரண்டு மூன்று வருஷம் அவரைப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் பயப்படாமல் திருப்பி அடித்த டக்ளஸிடம் 1990-ல் விழுந்தார், ஹோலிஃபீல்டிடம் இரண்டு முறை தோற்றார், லெனாக்ஸ் லூயிஸிடமும் தோற்றார். அலிக்குப் போட்டியாக நிறுத்த வேண்டிய ஆள் டைசன் இல்லை, ஜோ லூயிஸ். 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். ஜோ லூயிஸை முதலில் வைப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

அலி மெட்ராஸுக்கு வந்தார்ங்கிறது உண்மையா, சும்மா கதையா?

உண்மை. 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எல்லிஸும் அலியின் ஊரான லூயிவில்காரர்தான், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். அதைப் பார்த்ததாக நம் பக்கம் சொல்லும் பெரியவர்கள் எல்லோரும் நிஜமாகவே பார்த்திருந்தால், அன்றைக்கு ராமேஸ்வரம் ரயிலில் நிற்க இடம் இருந்திருக்காது.

ரோக்கி மார்சியானோ 49-க்கு 49 ஜெயிச்சார். தோக்காதவன்தானே பெரியவன்?

மார்சியானோ 1956-ல் 49 வெற்றி, 43 நாக்அவுட்டோடு ஓய்வு பெற்றார். மரியாதைக்குரிய கணக்கு. ஆனால் அவர் 1951-ல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது, ஆர்ச்சி மூர் லைட் ஹெவியிலிருந்து ஏறி வந்தவர். எஸ்ஸார்ட் சார்ல்ஸும் கீழே இருந்து வந்தவரே, சிறந்த நாட்களைத் தாண்டியவர். மேலே சொன்ன முதல் கேள்வியை இங்கே கேட்டால் பதில் கொஞ்சம் மெலிந்துவிடுகிறது.

இன்னொன்று: மார்சியானோ சுமார் 85 கிலோ. இன்றைக்கு 200 பவுண்டுக்குக் கீழே, அதாவது 90.7 கிலோவுக்குக் கீழே, க்ரூஸர்வெயிட் என்று தனி எடை இருக்கிறது. அவர் இன்று பிறந்திருந்தால் அங்கேதான் ஆடியிருப்பார். தோற்காமல் ஓய்வு பெற்றவர்தான் வேண்டும் என்றால் மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸ் இருக்கிறார். 51 வெற்றி, ஒரு சமநிலை, தோல்வி இல்லை. 47.6 கிலோ எடைக்காரர் என்பதால் டீக்கடையில் ஒருவரும் அவர் பேரை எடுப்பதில்லை.

வெல்டர்வெயிட்ல வாதமே இல்லைங்கிறீங்களே, ஏன்? மேவெதர், லெனார்ட் எல்லாம் ஆளு இல்லையா?

ஆள்தான். மேவெதர் 50-0, சுகர் ரே லெனார்ட் 1981-ல் ஹேர்ன்ஸை 14-வது ரவுண்டில் நிறுத்தியவர். ஆனாலும் 66.7 கிலோவில் சுகர் ரே ராபின்சனுக்கு அடுத்துத்தான் மற்றவர்கள். 1943 பிப்ரவரியில் அவருக்கு விழுந்த முதல் தோல்வி ஜேக் லாமோட்டாவிடம். லாமோட்டா மிடில்வெயிட்காரர், அன்று ராபின்சனைவிட ஏறக்குறைய 7 கிலோ கூடுதல். அதே ஆளை மற்ற ஐந்து சண்டையிலும் ராபின்சன் ஜெயித்தார். அடுத்த தோல்வி 1951-ல் லண்டனில் டர்பினிடம். அதுவும் மிடில்வெயிட்டில்தான். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் 91 சண்டை, ஒன்றிலும் தோல்வி இல்லை.

சில மாதங்களில் இரண்டு மூன்று சண்டைகூடப் போட்ட காலம் அது. இன்றைய நட்சத்திரங்கள் வருஷத்துக்கு இரண்டு போட்டாலே அதிகம். வெல்டரில் இரண்டாம் இடத்துக்கு வேண்டுமானால் நாள் முழுக்கப் பேசலாம். நான் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்வேன். 1938-ல் ஃபெதர், வெல்டர், லைட் மூன்று பட்டங்களையும் ஒரே சமயத்தில் வைத்திருந்தவர்; அதுவும் மேலே சொன்ன எட்டுப் பேர் காலத்தில்.

அந்த ராபின்சனே வெயில் தாங்காம உட்கார்ந்துட்டாராமே?

ஆமாம். 1952 ஜூன் 25, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவி சாம்பியன் ஜோயி மேக்சிமுடன் மோதினார். ரிங் விளக்குகளின் கீழ் 40 டிகிரி. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைனே தாங்க முடியாமல் விலக, வேறு நடுவரைக் கொண்டுவந்தார்கள். புள்ளியில் முன்னால் இருந்த ராபின்சன் 14-வது ரவுண்டுக்கு ஸ்டூலிலிருந்து எழவில்லை. அவருடைய நீண்ட தொழில்முறை வாழ்க்கையில் முடிக்க முடியாமல் நின்றது அந்த ஒரு சண்டைதான்.

சித்திரை மாதத்தில் நடுப்பகலில் படகு இழுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது 79 கிலோ எடைச் சண்டை என்பதால் ராபின்சனின் வெல்டர் கணக்கை அது தொடாது.

காக்கா (அண்ணே), ரிங்குல "போதும்"னு கையை ஆட்டிட்டுப் போன ராபர்ட்டோ டுரானையா லைட்வெயிட்ல ஒண்ணாம் இடத்துல வைக்கிறீங்க?

வைக்கிறேன், தம்பி. அவர் கையை ஆட்டிவிட்டுப் போனது 1980 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸில், லெனார்டுடன். எடை வெல்டர். ஐந்து மாதம் முன்பு ஜூனில் அதே லெனார்டை மான்ட்ரியாலில் அவர் ஜெயித்ததை ஏன் யாரும் போனில் காட்டுவதில்லை என்று தெரியவில்லை.

61 கிலோவில் மட்டும் பார். 1972-ல் கென் புக்கானனிடம் பட்டத்தைப் பறித்து 1979 வரை வைத்திருந்தார், 12 முறை காப்பாற்றினார். அந்தக் காலத்தில் ஒரே ஒருவர் அவரை ஜெயித்தார்: எஸ்டெபான் டி ஹேசுஸ், 1972 நவம்பரில், பட்டம் இல்லாத சண்டையில். அவரையே 1974-லும் 1978-லும் நாக்அவுட் செய்து கணக்கைத் தீர்த்தார். எதிர்வாதம் வேண்டும் என்றால் 1917 முதல் 1925 வரை சாம்பியனாக இருந்து, பட்டத்தோடு ஓய்வு பெற்ற பென்னி லெனார்ட் நல்ல தேர்வு.

ஃபெதர்வெயிட்ல வில்லி பெப்னு சொல்றீங்க. சாண்டி சாட்லர் அவரை நாலுல மூணு ஜெயிச்சாரே?

இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான். பெப்பின் கணக்கு 229 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமநிலை. 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகெலும்பும் காலும் உடைந்தன. அதே வருஷம் ஜூனில் மறுபடி ரிங்குக்கு வந்துவிட்டார். சாட்லர் சந்தித்ததெல்லாம் விபத்துக்குப் பிந்தைய பெப்பை. விபத்துக்கு முன் பெப் தோற்றது ஒரே ஒருமுறை, முன்னாள் லைட்வெயிட் சாம்பியன் ஆங்காட்டிடம்.

சாட்லர் பக்கம் பேசுபவர் "உடைந்த முதுகோடு நூற்றுக்கும் மேல் ஜெயித்தவர் சாட்லரிடம் மட்டும் ஏன் மூன்று முறை தோற்றார்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று தோல்வியும் ஒரே பாணிக்காரரிடம் வந்தவை. சாட்லர் உயரம், நீளக் கை, கட்டிப் பிடித்து முரட்டுத்தனம் செய்பவர். ஒருவரின் பாணி இன்னொருவருக்கு விஷமாவது உண்டு. எடை முழுவதையும் ஆண்டவர் பெப் என்பது என் முடிவு. 1949 பிப்ரவரி மறுமோதலில் முகமெல்லாம் கிழிந்த நிலையில் 15 ரவுண்டு ஆடி பட்டத்தைத் திரும்ப வாங்கியதும் இந்த முடிவுக்கு ஒரு காரணம்.

பட்டமே வாங்காத எஸ்ஸார்ட் சார்ல்ஸை லைட் ஹெவில முதல்ல வைக்கிறது என்ன நியாயம்?

லைட் ஹெவியில் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு மோதும் வாய்ப்பே கொடுக்கவில்லை. பின்னாளில் பத்து வருஷம் அந்தப் பட்டத்தை வைத்திருந்த ஆர்ச்சி மூரை 1946, 47, 48 என மூன்று முறை சார்ல்ஸ் ஜெயித்தார். பிறகு மேலே ஏறி 1949-ல் ஹெவிவெயிட் பட்டம், 1950-ல் ஜோ லூயிஸையும் வென்றார். சார்ல்ஸை இன்று பலர் மார்சியானோவிடம் தோற்றவராக மட்டும் நினைவு வைத்திருப்பது எனக்கு எரிச்சல்.

பெல்ட்டை மட்டும் எண்ணக்கூடாது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் பலருக்குச் சாம்பியன்கள் சண்டையே கொடுக்கவில்லை. லைட்வெயிட்டிலிருந்து ஹெவி வரை எல்லோரோடும் மோதிய சாம் லாங்ஃபோர்டு, வெல்டருக்கும் மிடிலுக்கும் இடையில் எல்லோரும் ஒதுங்கிப் போன சார்லி பர்லி, இருவருமே உதாரணம். லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பும் பர்லிக்கு எந்த உலகப் பட்டத்துக்கான வாய்ப்பும் கடைசிவரை வரவில்லை.

ஹாரி கிரெப் சண்டை ஒண்ணுகூட வீடியோவே இல்லையாம். பாக்காத ஆளை எப்படி மிடில்வெயிட்ல மேல வைக்கலாம்?

சண்டைப் படம் எதுவும் மிஞ்சவில்லை என்பது உண்மை. மிஞ்சியது பெயர்ப் பட்டியல். ஏறக்குறைய 300 சண்டை. பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னி வாழ்நாளில் தோற்றது ஒரே ஒருமுறை, 1922-ல் கிரெப்பிடம். 1923 முதல் 1926 வரை மிடில் சாம்பியன், அதுவும் ஒரு கண் பார்வை போன நிலையில். பல சண்டைகளுக்கு அப்போது சட்டப்படி தீர்ப்பே கிடையாது. மறுநாள் செய்தித்தாள்காரர் எழுதியதுதான் முடிவு. அதனால் கணக்கில் கொஞ்சம் புகைமூட்டம் உண்டு.

கண்ணால் பார்த்ததை மட்டுமே ஏற்பேன் என்பவர் கார்லோஸ் மொன்சோனை வைத்துக்கொள்ளட்டும். 1970 முதல் 1977 வரை, 14 முறை பட்டத்தைக் காப்பாற்றி, சாம்பியனாகவே போனவர்.

எட்டு வெயிட்ல சாம்பியன் ஆன பாக்கியோ உங்க பட்டியல்ல எந்த இடத்துலயும் இல்லையே?

1998-ல் ஃப்ளையில் தொடங்கி 2010-ல் லைட் மிடில் வரை எட்டு எடை. மொத்தக் குத்துச்சண்டையாளர் பட்டியல் போட்டால் அவர் மேலே வருவார். ஆனால் ஒவ்வொரு எடையிலும் கொஞ்ச நாள் தங்கி மேலே போய்விட்டார். எந்த ஒரு எடையையும் எடுத்து "இங்கே இவர்தான் முதல்வர்" என்று சொல்ல முடியாது. இது அவருக்குக் குறை இல்லை, இந்தப் பட்டியலின் விதி அப்படி.

சின்ன வெயிட்டைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க.

ஃப்ளையில் வேல்ஸ்காரர் ஜிம்மி வைல்டு. எலும்பும் தோலுமான உடம்பு, குத்து மட்டும் இரும்பு. 1923-ல் அவரை வீழ்த்திய பிலிப்பைன்ஸின் பாஞ்சோ வில்லா இரண்டே வருஷத்தில் இறந்துபோனார், இல்லையென்றால் இந்த வரி மாறியிருக்கலாம். பேண்டமில் பிரேசிலின் எடெர் ஜோஃப்ரே. ஜப்பானின் நவோயா இனோவே 2022-ல் பேண்டமில் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார், அடுத்த வருஷமே சூப்பர் பேண்டமிலும் சேர்த்தார். பேண்டமில் இன்னும் சில வருஷம் தங்கியிருந்தால் ஜோஃப்ரேவுக்குத் தலைவலி கொடுத்திருப்பார்.

மேரி கோமை ஏன் சேர்க்கல?

அவர் ஆடியது அமெச்சூர். ரவுண்டு குறைவு, எடையும் கிலோ கணக்கில் வேறு. ஆறு உலகப் பட்டம், 2012 லண்டனில் 51 கிலோவில் வெண்கலம். அவருடைய பழைய எடை 48 கிலோ ஒலிம்பிக்கில் இல்லாததால் மேலே ஏறி ஆடினார். பெண்கள் அமெச்சூருக்கு மட்டும் பட்டியல் போட்டால் சிறிய எடையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தொழில்முறைக்கே வராத கியூபாவின் ஸ்டீவன்சனையும் இதே காரணத்தால்தான் ஹெவி பட்டியலில் சேர்க்கவில்லை.

பழைய ஆளும் இப்ப உள்ள ஆளும் மோதினா யார் ஜெயிப்பா?

1969-ல் கணினியிடம் கேட்டுப் பார்த்தார்கள். அலியையும் மார்சியானோவையும் ரிங்கில் பொய்யாக மோத வைத்துப் படம் பிடித்து, கணினி சொன்னதாக ஒரு முடிவை ஒட்டி, 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட்டில் வெற்றி. அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. ஐந்து மாதம் முன்பு விமான விபத்தில் இறந்திருந்தார். கணினி வாதத்தைத் தீர்த்ததா என்றால், இன்னும் டீக்கடையில் நடக்கிறதே.

சிக்கல் தராசிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் சண்டை நாளன்றே எடை பார்த்தார்கள். இப்போது முந்தின நாள். நீரை வற்ற வைத்துத் தராசில் ஏறி, இரவெல்லாம் குடித்துச் சாப்பிட்டு, மறுநாள் பல கிலோ கூடி ரிங்குக்கு வருகிறார்கள். இன்றைய வெல்டர் ரிங்கில் நிற்கும்போது ராபின்சன் கால மிடிலாக இருப்பார். அப்புறம் 1982-ல் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்குப் படிப்படியாகக் குறைந்தன. கடைசி மூன்று ரவுண்டில் ஜெயித்தவர்களின் காலத்தையும் அந்த மூன்று ரவுண்டே இல்லாத காலத்தையும் நேராக மோதவிட முடியாது.

ஹாக்லர், லெனார்ட் சண்டையில எனக்கும் மச்சானுக்கும் 500 ரூபாய் பந்தயம். உண்மையில ஜெயிச்சது யாரு?

1987 ஏப்ரல், லாஸ் வேகாஸ், மிடில்வெயிட் பட்டம். நடுவர்களில் இருவர் லெனார்டுக்கும் ஒருவர் ஹாக்லருக்கும் கொடுத்தார்கள். ஒருவர் லெனார்டுக்கு 118-110 என்று போட்டது அநியாயம். மற்ற இரண்டும் 115-113, ஆளுக்கு ஒரு பக்கம். நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் சண்டை நெருக்கமாகத்தான் தெரிகிறது. ஹாக்லர் முதல் சில ரவுண்டுகளைத் தன் வழக்கமான இடதுகைப் பாணியை விட்டு வலதுகைப் பாணியில் நின்று வீணாக்கினார். 15 ரவுண்டாக இருந்திருந்தால் அவர் பிடித்திருப்பார் என்பார்கள், ஆனால் 12 ரவுண்டுக்கு ஒப்புக்கொண்டவர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் ரிங்குக்குத் திரும்பவே இல்லை.

பந்தயம் "தீர்ப்பு யாருக்கு" என்றால் லெனார்டைச் சொன்னவருக்குக் காசு. "யார் பெரிய மிடில்வெயிட்" என்றால் ஆறரை வருஷம் சாம்பியனாக இருந்து 12 முறை காப்பாற்றிய ஹாக்லர். லெனார்ட் அந்த எடையில் அன்று ஒருநாள் மட்டுமே பெரிய பட்டத்துக்காக நின்றவர். எதற்குப் பந்தயம் கட்டினீர்கள் என்பதை மச்சானிடம் கேட்டுக்கொண்டு பணத்தைக் கொடு, என்னைச் சாட்சிக்கு இழுக்காதே.